வீட்டுக்குள் அடிபடும் ஒருவர் உங்களிடம் வாய் திறந்தால்: எது முதலில், எது பிறகு

இந்த வழிகாட்டி உளவளத்துணையாளருக்கு எழுதியது அல்ல. மாதர் சங்கத் தலைவி, முன்பள்ளி ரீச்சர், பக்கத்து வீட்டு அக்கா, மச்சாள், சித்தி ஆகியோருக்கு எழுதியது. வீட்டுக்குள் அடிபடும் ஒருவர் முதலில் வாய் திறப்பது இவர்களில் ஒருவரிடம்தான். பொலிசுக்கும் வைத்தியருக்கும் விஷயம் போவது அதன்பிறகு, போனால்.

இலங்கையில் 2019இல் நடந்த தேசிய ஆய்வில், துணையுடன் வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் அந்தத் துணையிடமிருந்தே உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்ததாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவர். ஆகவே உங்களிடமும் ஒருநாள் ஒருவர் வருவார்.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் தொண்டர்களைப் பழக்கும்போது நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான். உதவும் மனம் எல்லாரிடமும் இருக்கிறது, வரிசை பிழைக்கிறது. முதல் நாளே முழுக் கதையையும் கேட்கிறார்கள், இரண்டாம் நாள் கணவரோடு கதைக்கப் போகிறார்கள், மூன்றாம் நாள் உதவி கேட்டு வந்தவர் இன்னும் மோசமாக அடிவாங்கியிருக்கிறார். மனவடுச் சிகிச்சையை மூன்று கட்டங்களாக வகுத்த உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன், பாதுகாப்பைத்தான் முதற் கட்டமாக வைத்தார். நடந்ததை நினைவுகூர்வதும் அழுது தீர்ப்பதும் இரண்டாவது. உறவுகளோடு மீண்டும் இணைவது கடைசி. கீழே வரும் படிகளும் அந்த ஒழுங்கில்தான் இருக்கின்றன.

அடிபடுபவர் பெரும்பாலும் பெண் என்பதால் அப்படியே எழுதுகிறேன். மகனிடம் அடிவாங்கும் தாய்க்கும், மனைவியிடமோ மைத்துனரிடமோ அடிவாங்கும் ஆணுக்கும் இதே படிகள் பொருந்தும்.

1. யாரும் வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

அழுதுகொண்டு ஒருவர் எதிரில் இருக்கும்போது தொலைபேசி இலக்கம் தேடக்கூடாது. உங்கள் தடுமாற்றத்தை அவர் "இதுக்கு ஒரு வழியும் இல்லை" என்று விளங்கிக்கொள்வார். இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்:

- 119: பொலிஸ் அவசர அழைப்பு
- 1990: இலவச அம்புலன்ஸ்
- 1938: பெண்களுக்கான உதவி இலக்கம்
- 1929: சிறுவருக்கான உதவி இலக்கம்
- 1926: தேசிய மனநல உதவி இலக்கம்

இலக்கங்களைவிட முக்கியமானவர்கள் ஆட்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஆகியோர் இருப்பார்கள். பிரச்சினை எதுவும் இல்லாத ஒருநாளில் போய் முகம் பழகி வையுங்கள். "அங்க போங்கோ" என்று சொல்வதற்கும் "அந்த மிஸ்ஸை எனக்குத் தெரியும், நான் கூட வாறன்" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. முதலாவதைக் கேட்டவர் பெரும்பாலும் போகமாட்டார்.

குடும்பநல உத்தியோகத்தரையும் மறக்கவேண்டாம். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்க வீடுவீடாகப் போகிறவர் அவர். அவர் படலையைத் திறந்து உள்ளே போனால் ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள்.

2. கதைக்கும் இடத்தைச் சரிசெய்தல்

நம்முடைய ஊர்களில் தனிமை கிடைப்பது கஷ்டம். வேலிக்கு அந்தப் பக்கம் மாமியார், ஒழுங்கை முகப்பில் மைத்துனர், போனைத் திறந்தால் கனடாவிலிருந்து அண்ணா. அதனால் கேட்கும் முன் இடத்தைப் பாருங்கள். படலையடியில் வைத்து "கன்னத்தில என்ன காயம்?" என்று கேட்பதுதான் நான் அதிகம் காணும் முதற்பிழை. அவர் "வழுக்கி விழுந்திட்டன்" என்பார். அந்தப் பொய்யை ஒருமுறை சொன்ன பிறகு, அதை மாற்றி உண்மையைச் சொல்ல அவருக்கு வெட்கமாகிவிடும்.

அவர் ஏற்கெனவே வழமையாகப் போகும் இடமே நல்லது: கிளினிக், முன்பள்ளி, சங்கக் கூட்டம், கோயில். புதிய இடத்துக்கு அழைத்தால், ஏன் போனாய் என்ற கேள்விக்கு அவர் வீட்டில் பதில் சொல்லவேண்டி வரும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை கூட இருந்தால் விவரம் கதைக்கவேண்டாம். பிள்ளை வீட்டில் போய் அப்படியே சொல்லும்.

போனை அவர் மட்டும்தான் பார்க்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். "எப்பிடி இருக்கிறீங்கள், நேற்று அடிச்சவரோ?" என்ற ஒரு வட்ஸ்அப் செய்தி அன்றிரவையே நரகமாக்கும்.

3. முதல் பேச்சு: கேட்பது மட்டும்

பெரும்பாலும் பேச்சு வன்முறையில் தொடங்காது. "நெஞ்சு இறுக்கமா இருக்கு", "தலைக்குள்ள விறைக்குது", "ஒரே யோசினை", "நித்திரை இல்லை", "உடம்பெல்லாம் உளையுது" என்றுதான் தொடங்கும். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் இந்த முறைப்பாடுகள் தொடர்ந்தால் மெல்ல வழி திறந்து கொடுங்கள்: "வீட்டில நிம்மதியா இருக்க முடியுதோ? ஆரும் உங்களைப் பயப்படுத்தினமோ?" இவ்வளவு போதும். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். கேட்டீர்கள் என்பது அவருக்கு நினைவிருக்கும், நேரம் வரும்போது திரும்பி வருவார்.

வாய் திறந்துவிட்டால் சொல்லவேண்டியவை மூன்று: "நீங்கள் சொன்னதை நம்பிறன். இது உங்கட பிழை இல்லை. என்ன செய்யிறதெண்டு சேர்ந்து யோசிப்பம்." இதை உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லுங்கள்.

சொல்லக்கூடாதவை நீண்ட பட்டியல். "நீ என்ன சொன்னனீ, அவர் ஏன் அடிச்சவர்?" "குடிக்காட்டி அவர் தங்கமான மனுசன்தானே." "பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு, நாளைக்குச் சம்பந்தம் வரவேண்டாமோ?" "எங்கட அம்மாக்கள் படாத பாடோ?" அன்பினால் சொல்லப்பட்டாலும் இவை ஒவ்வொன்றும் வாயை மூடச் செய்யும். இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: "உடனே அந்த ஆளை விட்டிட்டு வா!" வீட்டில் ஒருவர் அவருக்குக் கட்டளை போடுகிறார், இங்கே நீங்களும் ஒரு கட்டளை போடுகிறீர்கள்.

விவரங்களைத் தோண்டாதீர்கள். எங்கே அடித்தார், எத்தனை முறை, பிறகு என்ன என்று முழுவதையும் ஒரே இருப்பில் சொல்லவைத்தால் பாரம் குறையும் என்பது பரவலான நம்பிக்கை. ஒருமுறை இருத்தி எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. சிலருக்கு அது நிலைமையை மோசமாக்கும். அவர் சொல்லும் அளவுக்குக் கேளுங்கள். உடம்பு நடுங்கத் தொடங்கினால், பார்வை எங்கோ நிலைகுத்தினால் கதையை நிறுத்தி, கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றச் சொல்லுங்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுங்கள். சுற்றியுள்ள பொருட்களின் பெயரை அவரையே சொல்லவையுங்கள். மனம் அந்த இரவிலிருந்து இந்த அறைக்குத் திரும்ப அது உதவும்.

கதை முன்னுக்குப் பின் முரணாக வந்தால் பொய் என்று எண்ணவேண்டாம். உயிர்ப்பயத்தில் மூளை சம்பவத்தை ஒழுங்காக அடுக்கி வைப்பதில்லை. ஒரு மணம், ஒரு சத்தம், செருப்பின் நிறம் துல்லியமாக இருக்கும். நாளும் நேரமும் மறந்துபோகும். "ஏன் கத்தேல்லை?" என்ற கேள்வியும் அநியாயமானது. ஆபத்தில் உடல் சண்டைக்கும் போகலாம், ஓடவும் செய்யலாம், உறைந்தும் போகலாம். உறைவது அவர் தேர்ந்தெடுத்ததல்ல.

ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டு சத்தியம் செய்யவேண்டாம். "உங்களைக் கேக்காமல் ஆருக்கும் சொல்லமாட்டன். உங்கட உயிருக்கோ பிள்ளையின்ட உயிருக்கோ ஆபத்தெண்டா மட்டும் வேற ஆளைச் சேர்க்கவேண்டி வரும், அதையும் முதல்ல உங்களிட்டைத்தான் சொல்லுவன்" என்று சொல்லுங்கள். பின்னர் வாக்கை மீறவேண்டி வந்தால், இரண்டாம் முறை அவர் எவரையும் நம்பமாட்டார்.

4. எழுந்து போகும் முன் ஆபத்தை அளத்தல்

புதியவர்கள் முற்றாகத் தவறவிடும் படி இது. ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவர் போவது அதே வீட்டுக்கு. ஆகவே அவர் எழும்ப முன்பு இவற்றைக் கேளுங்கள்:

- எப்போதாவது கழுத்தை நெரித்தாரா?
- கொல்லுவேன் என்று சொன்னாரா? கத்தி, கோடரி, மண்ணெண்ணெய் என்று எதையாவது எடுத்தாரா?
- அண்மையில் அடி கூடியிருக்கிறதா?
- கர்ப்பமாக இருக்கும்போது அடித்தாரா?
- பிரிந்துபோகப் போவதாக நீங்கள் சொன்னீர்களா, அது அவருக்குத் தெரியுமா?
- பிள்ளைகளிலும் கை வைக்கிறாரா?
- இண்டைக்கு வீட்டை போக உங்களுக்குப் பயமா இருக்கோ?

முதற் கேள்விக்கு "ஓம்" என்றால் நிமிர்ந்து இருங்கள். கழுத்தை நெரித்த துணை பின்னர் கொலைக்கும் போகும் சாத்தியம் பலமடங்கு கூட என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வெளியே காயம் தெரியாமலே உள்ளே பாதிப்பு இருக்கலாம். குரல் மாறியிருந்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தால், தலை சுற்றினால், அந்த நேரம் மயங்கியிருந்தால் அன்றே வைத்தியசாலை.

பிரிந்துபோகும் காலம்தான் மிக ஆபத்தான காலம். "வெளிய வந்திட்டா, இனிப் பயமில்லை" என்று எல்லாரும் ஆறுதல்படும் நேரத்தில்தான் கவனம் கூடவேண்டும்.

அடுத்து தற்கொலை எண்ணம். நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம் எண்டு யோசினை வாறதோ?" கேட்பதால் இல்லாத எண்ணம் உண்டாகாது. இருக்கும் எண்ணத்தைச் சொல்ல வாசல் கிடைக்கும். ஓம் என்றால் எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தும் வீட்டிலுள்ள குளிசைகளும் அன்றே வேறொருவர் வீட்டுக்குப் போகவேண்டும். அவரைத் தனியே விடாமல் 1926க்கு அழையுங்கள், அல்லது வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றம் அல்ல. பொலிஸ் வழக்குப் போடும் என்ற பயத்தில் பலர் இன்னும் வைத்தியசாலைக்குப் போகப் பிந்துகிறார்கள். அந்தப் பயத்தை நீக்குங்கள்.

5. அவர் ஏன் திரும்பிப் போகிறார் என்பதை விளங்கிக்கொள்ளல்

இதை விளங்காத தொண்டர் மூன்றாம் மாதம் கைவிட்டுவிடுவார். "எத்தினை தரம் சொன்னாலும் திரும்ப அவரிட்டத்தான் போறா" என்று சலிப்பார்.

உளவியலாளர் லெனோர் வோக்கர் 1979இல் விவரித்த வட்டம் பல வீடுகளில் இன்றும் அப்படியே தெரியும். முதலில் இறுக்கம் கூடும்: சாப்பாட்டில் குறை, உடுப்பில் குறை, போனில் சந்தேகம். பிறகு அடி. பிறகு அழுகை, மன்னிப்பு, கோயிலில் சத்தியம், புதுச் சீலை. மூன்றாவது கட்டத்தில் அவர் காண்பது தான் கட்டிய அதே மனிதரை. அந்த மனிதர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையும் சேர்ந்துதான் அவரைக் கட்டிவைக்கிறது. எல்லா வீட்டிலும் இந்த வட்டம் இப்படியே ஓடாது. சில இடங்களில் மன்னிப்பே இருக்காது, பயம் மட்டும்தான்.

இங்கே வேறு முடிச்சுகளும் உண்டு. 1995 இடப்பெயர்வில் ஒருமுறை, 2009இல் இன்னொருமுறை என்று வீட்டையும் ஆட்களையும் இழந்த ஒருவருக்கு, மீண்டும் ஒரு பையோடு வாசலைத் தாண்டுவது வெறும் இடமாற்றம் அல்ல. உடல் பழைய ஓட்டத்தை நினைக்கும். தகப்பனோ தமையனோ காணாமல் போன வீட்டில், "ஆம்பிளை எண்டு ஒருத்தர் இருக்கிறார்" என்பதே பெரிய பாதுகாப்பாக எண்ணப்படுகிறது. நுண்கடன் இருவர் பெயரிலும் இருக்கும். தங்கைக்குக் கலியாணம் முடிந்திருக்காது.

"இந்த வீட்டில இருக்க உங்களை வைச்சிருக்கிறது என்னென்ன?" என்று கேட்டால் இவை எல்லாம் வெளியே வரும். அந்தப் பதில்தான் அடுத்த படிக்கு வேலைப்பட்டியல். கடன் என்றால் கடனுக்கு வழி தேடவேண்டும், பயம் என்றால் பாதுகாப்புக்கு.

6. பாதுகாப்புத் திட்டம்

அவர் வீட்டில் தொடர்ந்து இருந்தாலும் போனாலும் திட்டம் வேண்டும். இருப்பதாக முடிவெடுத்தவருக்குத் திட்டம் தேவையில்லை என்று நினைப்பது பிழை. அவருக்குத்தான் இன்றிரவே அது தேவை.

ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, அடகுச் சீட்டு. மூலப்பிரதி காணாமல் போனால் கணவருக்குச் சந்தேகம் வரும். ஆகவே முதலில் படம் எடுத்தோ பிரதி எடுத்தோ வெளியே ஒரு நம்பிக்கையான வீட்டில் வையுங்கள். மூலத்தைப் போகும் நாளில் எடுக்கலாம்.

அடுத்தது சண்டை தொடங்கும்போது எங்கே நிற்பது. குசினியில் நிற்கவேண்டாம், அங்கே கத்தியும் நெருப்பும் இருக்கின்றன. கிணற்றடியும் வேண்டாம். கதவு இரண்டு உள்ள அறை நல்லது. பக்கத்து வீட்டாரோடு ஓர் அடையாளம் பேசி வைத்துக்கொள்ளலாம். முன் லைற் இரண்டுமுறை அணைந்து எரிந்தால் 119க்கு அழைப்பது என்று முடிவெடுத்த வீடுகள் உண்டு. எந்த அடையாளமாக இருந்தாலும் அது அந்த இரு வீட்டுக்கு மட்டும் தெரிந்திருக்கவேண்டும்.

எங்கே போவது என்பதை அவரே சொல்லட்டும். அம்மா வீடு எப்போதும் பாதுகாப்பு அல்ல. கணவர் முதலில் தேடிவரும் இடம் அதுதான், அம்மாவே திருப்பி அனுப்பவும்கூடும். போக இடமே இல்லாதவருக்குத் தற்காலிகத் தங்குமிடம் பற்றி 1938இல் அல்லது மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்கலாம்.

சீதன வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், இதில் குழப்பம் அதிகம். யாழ்ப்பாணத்தில் பல பெண்கள் தங்கள் பெயரில் எழுதப்பட்ட வீட்டிலேயே அடிவாங்குகிறார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையின்படி மனைவி தன் காணியையோ வீட்டையோ விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இதைக் காட்டி "என்ர கையெழுத்து இல்லாமல் உனக்கு வீடு இல்லை" என்று மிரட்டுவார்கள். கையெழுத்துத் தேவைப்படுவதால் உரிமை கணவருக்கு மாறிவிடாது. உறுதி மனைவி பெயரில் இருந்தால் வீடு மனைவியுடையது. வெளியேறவேண்டியவர் யார் என்ற கேள்வியை நீதிமன்றத்தில் கேட்க வழியும் இருக்கிறது (8ஆம் பகுதியைப் பாருங்கள்). இதைத் தெரியாமல், சொந்த வீட்டை விட்டுப் பிள்ளைகளோடு ஒரு அறைக்குள் ஒதுங்கியவர்களைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

7. வைத்தியசாலை

காயம் இருந்தால் பொலிசுக்கு முன் வைத்தியசாலை. உயிர்தான் காரணம், அதற்கு அடுத்தபடி ஆதாரம். சிராய்ப்பும் கண்டலும் சில நாட்களில் மறைந்துவிடும். வைத்தியரின் குறிப்பு மறையாது.

எப்படிக் காயம் வந்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். "படியில் விழுந்தேன்" என்று பதிவான காயத்தைப் பின்னர் வழக்கில் காட்டுவது கடினம். காயத்தைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி அவரே கேட்கலாம். பெரிய அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்றே நட்பு நிலையம் இயங்குகிறது. சிங்களத்தில் மித்துறு பியச என்பார்கள். வெளிநோயாளர் பிரிவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் போதும், எல்லார் முன்னும் விளக்கவேண்டியதில்லை.

பாலியல் வன்முறை என்றால் குளிக்க முன், உடுப்பைத் தோய்க்க முன் போகவேண்டும். அணிந்திருந்த உடுப்பைக் கடதாசிப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், பொலித்தீனில் ஈரம் தங்கி ஆதாரம் கெடும். கர்ப்பத்தையும் எச்.ஐ.வி தொற்றையும் தடுக்கும் மருந்துகளை 72 மணிநேரத்துக்குள், எவ்வளவு முந்த முடியுமோ அவ்வளவு முந்தத் தொடங்கவேண்டும். குளித்துவிட்டார், நேரம் கடந்துவிட்டது என்றாலும் போகவேண்டும். மற்றச் சிகிச்சைகளுக்கு நேரம் கடப்பதில்லை.

8. பொலிசும் நீதிமன்றமும்

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை ஒவ்வொரு தொண்டரும் தெரிந்திருக்கவேண்டும். அதன் கீழ் நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். விண்ணப்பத்தைப் பாதிக்கப்பட்டவர் நேரடியாகவும் கொடுக்கலாம், அவர் சார்பில் பொலிசும் கொடுக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, 14 நாட்களுக்கு. விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரையான கட்டளை. சேர்ந்து வாழும் வீட்டுக்குள் அடிப்பவர் நுழையவோ, பாதிக்கப்பட்டவர் வேலை செய்யும் இடத்துக்கு வரவோ, அந்த வீட்டை விற்று அவரைத் தெருவில் விடவோ கூடாது என்று நீதிமன்றம் தடை போடலாம். அடி மட்டும் அல்ல, தொடர்ச்சியாகக் கொடூரமாக அவமானப்படுத்தி மனத்தை வதைப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

"அவரை மறியலுக்கு அனுப்ப நான் விரும்பேல்லை" என்று பலர் பின்வாங்குகிறார்கள். பாதுகாப்புக் கட்டளை பெறுவதால் மட்டும் கணவர் சிறைக்குப் போவதில்லை. கட்டளையை மீறினால்தான் தண்டனை. இந்த ஒரு விளக்கம் பலரின் மனத்தை மாற்றியதைக் கண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் நீதவான் நீதிமன்றங்கள் உண்டு. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தை நாடலாம். பிள்ளைகளுக்கும் தனக்கும் செலவுக்காசு கேட்பது 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தனி விண்ணப்பம். இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வருபவர்கள் உண்டு.

பொலிசுக்குப் போகும்போது சிறுவர் மகளிர் பிரிவைக் கேளுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அது உரிமை. விளங்காத மொழியில் எழுதப்பட்டதற்குக் கையெழுத்து வைக்கவேண்டாம். வாசித்துக் காட்டச் சொல்லி, சொன்னது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தபிறகே ஒப்பமிடவேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். கூடப்போகும் நீங்கள் அவருக்காகக் கதைக்கவேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும்.

9. சேர்த்துவைக்கும் பேச்சை மறித்தல்

எத்தனையோ நல்ல மனிதர்கள் இந்த இடத்தில்தான் ஆபத்தை உண்டாக்குகிறார்கள். ஊர்ப் பெரியவர், கோயில் தர்மகர்த்தா, பாதிரியார், அதிபர் என்று யாரோ ஒருவர் இருவரையும் ஒன்றாக இருத்தி "ரெண்டு பேரிலையும் பிழை இருக்கு, இனி ஒற்றுமையா இருங்கோ" என்று முடித்து வைப்பார்.

இருவர் சமமாக நின்று சண்டை பிடித்தால் மத்தியஸ்தம் உதவும். ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழும் வீட்டில் உதவாது. அடிபடுபவர் அந்த அறையில் உண்மை சொல்லமுடியாது, சொன்னால் வீட்டில் விலை கொடுக்கவேண்டும். சொல்லாவிட்டால் "அவவே ஒண்டும் இல்லை எண்டு சொன்னவ" என்று பதிவாகும். வன்முறை நிற்கும்வரை தம்பதியாக இருத்தி உளவளத்துணை செய்வதும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கப்படவேண்டும்.

பெரியவர்களைப் பகைக்கத் தேவையில்லை. அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள்: "ஐயா, நீங்கள் அவரோட தனியக் கதையுங்கோ. இனிக் கை வைச்சால் ஊர் அவரின்ட பக்கம் நிக்காது எண்டு மட்டும் சொல்லுங்கோ." அதையும் அடிபடுபவர் சம்மதித்தால் மட்டுமே.

10. மனத்துக்கான சிகிச்சை

இப்போதுதான் இந்தப் படி. அடி தொடரும்போது உளவளத்துணையால் பயத்தைப் போக்கமுடியாது, போக்கவும் கூடாது. அந்தப் பயம் நியாயமானது, அவரைக் காக்கிறது.

வன்முறை நின்ற பிறகும் சில வாரங்களுக்கு நித்திரையின்மை, திடுக்கிடல், கெட்ட கனவு, கோபம் இருப்பது இயல்பு. பலருக்குக் காலமும் ஆதரவும் போதும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, சமைக்க, வேலைக்குப் போக, பிள்ளையைப் பார்க்க முடியாத அளவுக்கு இருந்தால் மனவடுவின் நோய்நிலையாக இருக்கலாம். மனச்சோர்வும் சேர்ந்து வருவது சாதாரணம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு, சிகிச்சை இலவசம். பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தரும் சாந்திகம் போன்ற உளவளத்துணை நிறுவனங்களும் தொடர்ந்து பேச இடம் தருவார்கள்.

மருந்து தந்தால் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். மனச்சோர்வு மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். சுகமாகிவிட்டது என்று தானாக நிறுத்தக்கூடாது. கிளினிக் கொப்பியை வைத்து "இவவுக்கு மூளை சரியில்லை, பிள்ளையள் என்னோட" என்று கணவர் வாதாடக்கூடும் என்ற பயத்தில் பலர் போவதில்லை. சிகிச்சை எடுக்கும் தாய் பிள்ளையைப் பார்க்கத் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை. இதைச் சட்ட உதவிக்குப் போகும்போதே சட்டத்தரணியிடம் கதைத்து வையுங்கள்.

கோயில் நேர்த்தி, நூல் கட்டல், சாத்திரம் கேட்டல் அவருக்கு ஆறுதல் என்றால் தடுக்கவேண்டாம். "உன்ர கிரகம்தான் காரணம்" என்று பழியை அவர் மேலே போடும் இடமாக இருந்தால் மட்டும் விலக்குங்கள்.

11. பிள்ளைகள்

பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் பாதிக்கப்பட்ட பிள்ளைதான். படுக்கையில் சலம் போதல், காரணமில்லாத வயிற்றுநோ, பள்ளிக்கூடம் போக மறுத்தல், தம்பியை அதே மாதிரி அடித்தல் எல்லாம் பேச்சு வராத முறைப்பாடுகள்.

பிள்ளைக்குச் சொல்லவேண்டியது சுருக்கம்: இது உன் பிழை இல்லை, இடையில் புகுந்து மறிக்கவேண்டாம், பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல். நேற்றிரவு என்ன நடந்தது என்று பிள்ளையைச் சாட்சியாக்கி விசாரிக்கவேண்டாம். பிள்ளையிலேயே கை வைத்தால் 1929, தாமதிக்காமல்.

12. அடிப்பவரை என்ன செய்வது

நீங்கள் தனியே போய்க் கேட்கக்கூடாது. மனைவி சொன்ன எதையும் கணவர் காதில் போடக்கூடாது. இரண்டும் மனைவியின் உடம்பில்தான் முடியும்.

ஆனால் அந்த மனிதரைப் பற்றி யோசிக்காமலும் இருக்கமுடியாது. 2008இல் வெளியான, வடகிழக்குத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் 296 பேரிடம் செய்த ஓர் ஆய்வு, யுத்த அனுபவமும் தகப்பனின் குடியும் வீட்டு வன்முறையோடு தொடர்புபட்டிருந்ததைக் காட்டியது. தடுப்பில் இருந்தவர், ஷெல்லுக்குள் பிள்ளையைப் பறிகொடுத்தவர், அடிவாங்கி வளர்ந்தவர் இவர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சிகிச்சை தேவை. குடிக்கு வேறு, மனவடுவுக்கு வேறு. இரண்டையும் தனியே, மனைவி இல்லாத இடத்தில் செய்யவேண்டும்.

இது விளக்கம், மன்னிப்பு அல்ல. அதே யுத்தத்தை அனுபவித்துவிட்டு கை ஓங்காத ஆண்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். குடித்தவரும் பெரும்பாலும் முதலாளியையோ பொலிசையோ அடிப்பதில்லை. குடியை நிறுத்தினால் அடியும் தானாக நிற்கும் என்று வாக்குக் கொடுக்கவேண்டாம்.

13. தொடர்ந்து பார்த்தல்

முதல் சந்திப்பிலேயே அடுத்த சந்திப்பின் நாளை முடிவுசெய்யுங்கள். "தேவையெண்டா வாங்கோ" என்றால் வரமாட்டார், கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று நினைப்பார். "வியாழக்கிழமை கிளினிக்கில நானும் நிப்பன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள்.

எழுதி வைப்பதென்றால் பெயர் இல்லாமல் எழுதுங்கள், கொப்பியைப் பூட்டி வையுங்கள். சங்கக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் கதைத்தாலும் எங்கள் ஊர் கண்டுபிடித்துவிடும். உங்கள் பாரத்தை இறக்க உத்தியோகத்தர் ஒருவரிடமோ வேறு ஊர்த் தொண்டரிடமோ கதையுங்கள். உங்களுக்கே நித்திரை குழம்பினால், அவருடைய கதை உங்கள் பழைய கதையைக் கிளப்பினால், இன்னொருவரிடம் அவரை ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும் முன் அவரிடம் சொல்லி, புதியவரை நேரில் அறிமுகப்படுத்தி, முதற் சந்திப்பில் மூவரும் ஒன்றாக இருந்துவிட்டுப் பிறகு விலகுங்கள்.

அவர் திரும்பக் கணவரோடு போனால் கோபிக்கவேண்டாம், நியாயம் கேட்கவேண்டாம். "சரி, போங்கோ. அந்த அடையாளம் ஞாபகம் இருக்குத்தானே? பேப்பர் எல்லாம் என்னட்டை இருக்கு. வாற வியாழக்கிழமை பாப்பம்" என்று சொல்லுங்கள். பிறகு 4ஆம் பகுதியின் கேள்விகளை அந்த வியாழக்கிழமையிலும் முதலிலிருந்து கேளுங்கள். ஆபத்து வாரத்துக்கு வாரம் மாறும், போன கிழமைப் பதில் இந்தக் கிழமைக்கு உதவாது.